மூடிய தூக்குவாளி

பாம்பன்
மே 11

அன்பு மகள் ஜெனிக்கு அப்பா எழுதுவது.

நாங்கள் நலம். தடைக்காலம் ஜூன் 14 வரை என்பதால் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கின்றன. எனக்கு வலை முடிகிற வேலை ஓயவில்லை. நீ வேளைக்குச் சாப்பிடு. வெல்டிங் செய்யும்போது கண்ணாடி போட்டுக்கொள்.

கண்காட்சியில் நீ வைத்த சிற்பத்தை உன் தம்பி போனில் காட்டினான். இரண்டு தூக்குவாளிகள், நடுவில் வலை. நீ கேட்டு வாங்கிப்போன நம் பழைய வலைதான். கிழிசலில் நான் போட்ட முடிச்சு அப்படியே தெரிகிறது. கடற்கரையில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் காட்டினேன். சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்து 1942-இல் பிக்காசோ காளைத் தலை செய்த கதையையும் சொன்னேன். சித்திரத் திரைச்சீலைகளைச் செப்பனிட்டு வந்த தன் தாயை நினைத்து லூயிஸ் பூர்ஷ்வா 30 அடி உயரத்துக்குச் சிலந்தி செய்து நிறுத்தினார் என்றாயே, அதை மட்டும் நீ எனக்கு விளக்கியிருக்கவே வேண்டாம். நாள் முழுக்கக் கிழிசலோடு உட்கார்ந்திருப்பவன் நான்.

ஆனால் ஒரு வாளியின் மூடியை ஏன் பற்றவைத்துவிட்டாய்? நான்கு நாளாக அதே நினைப்பு. ஈஸ்டருக்கும் தனியாகத்தான் வந்தாய். மாப்பிள்ளைக்கு லீவு இல்லை என்றாய். போன் செய்தால் வேலை என்கிறாய். பெற்றவர்களோடு இரண்டு வார்த்தை பேச விடாத வேலை என்ன வேலை? வேளைக்குச் சாப்பிடு, மகளே.

நேற்று இரவு படுத்திருக்கும்போதுதான் உறைத்தது, அது என் வாளி. கடலுக்குப் போன காலத்தில் உன் அம்மாமேல் கோபம் வந்தால் நான் வாய் திறக்க மாட்டேன். அவள் கட்டித் தந்த சோற்றைத் தொடாமல் கொண்டுவந்து திண்ணையில் வைப்பேன். ஊசிப்போனதைக் கிணற்றடியில் கொட்டிவிட்டு, மண் போட்டுத் தேய்த்து வாளியைக் கழுவுவாள். நீ நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாய். கை நீட்டாத வரையில் நான் நல்லவன் என்று நினைத்திருந்தேன். செய்தது கொடுமை. அவளிடம் இன்றுவரை அதைச் சொன்னதில்லை. படத்தையும் இன்னும் காட்டவில்லை.

மாப்பிள்ளை வேலைக்குச் சோறு கட்டிக்கொண்டு போகிறாரா? சாயங்காலம் டப்பா காலியாக வருகிறதா? இதை மட்டுமாவது எழுது.

அப்பா