தண்ணீர் போகும் வழியில் ஒன்றுசேர்வோம்: கிழக்குத் தாம்பரத்து நலச்சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், சிட்லப்பாக்கம், செம்பாக்கம், கீழ்க்கட்டளை பகுதிகளின் குடியிருப்போர் நலச்சங்கத் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஐப்பசி பிறந்து வானம் கறுத்தால் நம் வாட்ஸ்அப் குழுக்களில் முதலில் எழுந்து உட்காருபவர்கள் நீங்கள்தான். எந்தத் தெருவில் முழங்கால் அளவு, எந்தத் தெருவில் கணுக்கால் அளவு, எங்கே மின்பெட்டி தண்ணீரில் நிற்கிறது என்று நள்ளிரவிலும் சொல்கிறீர்கள். மழை விட்டதும் மனு எழுதி, கையெழுத்து வாங்கி, மண்டல அலுவலகத்தில் கொடுத்து, நகலில் சீல் வைத்து வாங்கி வருகிறீர்கள். சம்பளம் இல்லாத இந்த வேலையைச் செய்பவர்கள் இல்லாவிட்டால் நம் நகர்களுக்கு இன்றைக்குக் கிடைத்திருக்கும் பாதி வசதிகூடக் கிடைத்திருக்காது. அந்த நன்றியோடுதான் ஒரு கோரிக்கையை முன்வைக்கிறேன். நம் மனுக்களைத் தெருவாரியாக எழுதுவதை விட்டுவிட்டு, தண்ணீர் எந்த வழியாகப் போகிறதோ அந்த வழியில் உள்ள சங்கங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே மனுவாக எழுத வேண்டும்.

நம் பகுதியின் அமைப்பைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சிட்லப்பாக்கம் ஏரி நிரம்பினால் உபரிநீர் செம்பாக்கம் ஏரிக்கு வர வேண்டும். செம்பாக்கம் நிரம்பினால் நன்மங்கலம், அங்கிருந்து கீழ்க்கட்டளை, பிறகு நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். அதற்கப்பால் ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கடல். உபரிநீர் வெளியேறும் கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரிக்குப் போகும்படி நம் முன்னோர் கட்டிய தொடர் இது. வயல்கள் மனைகளாகிவிட்டன. ஏரிப் பாசன நிலமான ஆயக்கட்டு பெயரளவில்கூட இல்லை. ஆனால் சரிவு மாறவில்லை. செம்பாக்கத்தில் பெய்யும் மழைக்கு நன்மங்கலத்தைத் தவிர வேறு போக்கிடம் கிடையாது.

இந்த ஒரே தண்ணீர் எத்தனை நிர்வாகங்களைக் கடக்கிறது என்று பாருங்கள். 2021 நவம்பர் வரை சிட்லப்பாக்கம் ஒரு பேரூராட்சி, செம்பாக்கம் ஒரு நகராட்சி, கீழ்க்கட்டளை பல்லாவரம் நகராட்சியில். அந்த மாதம் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. 70 வார்டுகள், ஐந்து மண்டலங்கள். இடையில் உள்ள நன்மங்கலமோ ஊராட்சியாகவே வளர்ந்த ஊர். நாராயணபுரமும் பள்ளிக்கரணையும் சென்னை மாநகராட்சியைச் சேர்ந்தவை. ஏரிகள் நீர்வளத் துறையிடம், தாம்பரம் - வேளச்சேரி சாலை நெடுஞ்சாலைத் துறையிடம், நம் தெரு வடிகால் மாநகராட்சியிடம். சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி வனத்துறையிடம். அந்தச் சதுப்பு நிலத்துக்கு 2022-ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரமும் கிடைத்தது. ஒவ்வொரு துறையும் தன் எல்லைக்குள் வேலையை முடித்துவிட்டதாகச் சொன்னால் அது பொய்யாக இருக்காது. ஆனாலும் தண்ணீர் நிற்கும். எல்லைகள் சேருமிடத்தைப் பார்க்க யாருக்கும் பொறுப்பு இல்லை.

அந்தப் பொறுப்பை நாம் எடுத்துக்கொள்ளலாம் என்கிறேன். ஏனென்றால், தெருவாரியாகக் கேட்பதால் நமக்கு நாமே செய்துகொள்ளும் கேடு பெரிது.

சாலையை உயர்த்துவதை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் நிற்கிறது, சாலையை உயர்த்துங்கள் என்று ஒரு தெரு கேட்கிறது. உயர்த்துகிறார்கள். அந்தத் தண்ணீர் பின்தெருவுக்குப் போகிறது. அடுத்த ஆண்டு பின்தெரு கேட்கிறது. இப்படி மாறி மாறி உயர்ந்ததில் முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீடுகள் எல்லாம் பள்ளத்தில் இறங்கிவிட்டன. எங்கள் பக்கத்தில் ஒரு பழைய ஓட்டு வீடு இருக்கிறது. வாசலில் ஏறிப் போக மூன்று படி கட்டியிருந்தார்கள். இப்போது சாலையிலிருந்து இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். மழைக்காலத்தில் தண்ணீரைத் தடுக்க நிலைப்படியில் முழங்கால் உயரத்துக்குச் செங்கல் வைத்துப் பூசியிருக்கிறார்கள். அந்த வீட்டுப் பாட்டிக்கு எண்பது வயதிருக்கும். ஒவ்வொரு முறையும் கதவைப் பிடித்துக்கொண்டு அந்தச் சுவரைத் தாண்டுகிறார். சாலை வேண்டும் என்று கேட்டவர்களில் யாரும் அவருக்குத் தீங்கு நினைத்தவர்கள் இல்லை. தங்கள் தெருவை மட்டும் நினைத்தார்கள், அவ்வளவுதான். பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தார் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு உத்தரவிட்டார். அந்த உத்தரவை நினைவூட்ட வேண்டியது நம் சங்கங்கள்தான். சாலை போடும் அன்று காலை நின்று பார்க்க வேண்டியதும் நாம்தான். மழமழவென்று புதுச் சாலை கிடைத்த மகிழ்ச்சியில் மட்டத்தை மறந்துவிடுகிறோம்.

அதைவிட வலிக்கிற விஷயம் கழிவுநீர். இதைச் சொல்லும்போது சிலருக்குக் கோபம் வரலாம். பரவாயில்லை, சொல்லித்தான் ஆக வேண்டும்.

பாதாளச் சாக்கடை வராத தெருக்களில் கழிவுநீர்த் தொட்டி நிரம்பினால் லாரிக்குப் பணம் கொடுத்து எடுக்க வேண்டும். பல அடுக்குமாடிகளில் தொட்டி சிறியது, குடும்பங்கள் அதிகம். மாதத்துக்கு எத்தனை லாரி என்று கணக்குப் பார்த்தபிறகு, ஒரு குழாயைச் சத்தமில்லாமல் மழைநீர் வடிகாலில் இணைத்துவிடுகிறார்கள். எந்தெந்தக் கட்டடம் என்பது அந்தந்தச் சங்கத்துக்குத் தெரியும். கோடைக்காலத்தில் போய் வடிகால் மூடியின் ஓட்டை வழியே பாருங்கள். ஒரு சொட்டு மழை இல்லாத மாதத்தில் கறுத்த தண்ணீர் சோப்பு நுரையோடு ஓடிக்கொண்டிருக்கும். அது போய்ச் சேரும் இடம் ஏரி. ஏரியில் ஆகாயத்தாமரை பச்சைப் பாய் விரித்ததுபோல் படர்வதற்கு அதுவே உரம். மழை வரும்போது வடிகாலில் பாதி இடத்தை ஏற்கெனவே சேறும் கழிவும் பிடித்திருக்கும். பிறகு தெருவில் ஏறும் தண்ணீரில் நம் குழந்தைகள் நடந்து பள்ளிக்குப் போகிறார்கள்.

ஏரியைத் தூர்வாருங்கள் என்று மனுப் போடும் சங்கம், தன் உறுப்பினர் கட்டடத்திலிருந்து போகும் குழாயை அடைக்காமல் அந்த மனுவில் கையெழுத்துப் போடக் கூடாது. பாதாளச் சாக்கடைத் திட்டம் முழுமையாக வரும்வரை இதற்குச் செலவாகும். கூட்டு லாரி ஒப்பந்தம் போடலாம். பெரிய வளாகங்கள் தங்கள் சுத்திகரிப்பு நிலையத்தை உண்மையிலேயே ஓட்டலாம். மின்கட்டணத்துக்குப் பயந்து அதை நிறுத்தி வைத்திருப்பவர்களை மற்ற சங்கங்கள் கேள்வி கேட்கலாம். அதிகாரி வந்து கேட்பதைவிட அண்டை வீட்டுக்காரர் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

மக்கள் இறங்கினால் ஏரி மாறும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. 2019 கோடையில் சென்னையே குடத்தோடு தெருவில் நின்றபோது, சிட்லப்பாக்கத்து மக்கள் விடுமுறை நாள்களில் மண்வெட்டியும் கூடையுமாக ஏரிக்குள் இறங்கினார்கள். அதன் பிறகுதான் அரசு 25 கோடி ரூபாயில் சீரமைப்பை அறிவித்தது. செம்பாக்கம் ஏரியில் சூழல் அமைப்புகளும் சென்னை ஐஐடி ஆய்வாளர்களும் சேர்ந்து வேலை செய்தார்கள். இரண்டு ஏரிகளும் நம் கண்முன்னே உயிர்பெற்றன. இரண்டுக்கும் நடுவில் உள்ள கால்வாயைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை. ஏரிக்குக் கரை இருக்கிறது, நடைபாதை போடலாம், திறப்பு விழா நடத்தலாம். கால்வாய்க்கு அப்படி எதுவும் இல்லை. வீட்டுச் சுவர்களுக்கு நடுவே ஒடுங்கி, சிறுபாலத்தின் அடியில் கேபிளும் தேங்காய் மட்டையும் சிக்கி, சில இடங்களில் வெறும் குழாயாகச் சுருங்கிக் கிடக்கிறது. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். அந்த அளவு மழையை எந்த ஏரியும் தன் வயிற்றில் வைத்துக்கொள்ள முடியாது. வழிவிட வேண்டும். வழிதான் நம்மிடம் இல்லை.

இந்தக் கால்வாய் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்பது ரகசியமும் இல்லை. கிராம வரைபடத்திலும், ஒவ்வொரு சர்வே எண்ணின் எல்லை அளவையும் காட்டும் புலப்படத்திலும், வருவாய்த் துறையின் நிலக் கணக்கான அ-பதிவேட்டிலும் சர்வே எண்ணோடு, ஓடை என்றும் வாய்க்கால் என்றும் பதிந்திருக்கிறது. ஒவ்வொரு சங்கமும் தன் பகுதியில் ஓடும் துண்டுக்கு இந்த ஆவணங்களை எடுத்து, தரையில் இன்று உள்ள அகலத்தை டேப் வைத்து அளந்து, பக்கத்தில் எழுதினால் போதும். துண்டுகளைச் சேர்த்தால் சிட்லப்பாக்கத்திலிருந்து நாராயணபுரம் வரை முழுப் படம் கிடைக்கும். அளக்கும்போது ஓரத்தில் குடிசை போட்டிருக்கும் ஏழைகளை மட்டும் ஆக்கிரமிப்பாளர்களாகக் காட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அவர்களுக்கு மாற்று இடம் கொடுத்த பிறகே கை வைக்க வேண்டும், அதுவும் அருகிலேயே. கால்வாயை நெருக்கும் மதில் சுவரும் கார் நிறுத்தமும் யாருடையதாக இருந்தாலும் அதே டேப்பால் அளக்கப்பட வேண்டும். நம் சங்க அலுவலகத்துடையதாகவே இருந்தாலும்.

மெட்ரோ ரயில் எப்போது வரும், கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் வந்த பிறகு மனை விலை எவ்வளவு ஏறியது என்று பேசத்தான் எல்லோருக்கும் ஆசை. எனக்கும் அவையெல்லாம் வேண்டும். ஆனால் இங்கே மனை வாங்கும் இளம் தம்பதிகள் இருபது ஆண்டு கடன் வாங்குகிறார்கள். அந்த இருபது ஆண்டும் டிசம்பர் வந்தால் வண்டியை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்துவதுதான் அவர்கள் தலையெழுத்து என்று இருக்கக் கூடாது.

இதைக் கேட்க நமக்கு ஓர் இடமும் இருக்கிறது. வார்டு குழு, பகுதி சபை விதிகள் 2022-ல் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதல்வரே நம் மாநகராட்சியின் பம்மலில் பகுதி சபைக் கூட்டத்தில் வந்து உட்கார்ந்தார். கிராம சபைக்கு நிகராக நகர மக்களுக்குக் கிடைத்த மன்றம் அது. அதில் தெருவிளக்கையும் நாய்த் தொல்லையையும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டால் வீண். தொடரில் உள்ள எல்லா வார்டுகளிலும் ஒரே தீர்மானம், வார்த்தை மாறாமல் நிறைவேற வேண்டும். நன்மங்கலத்து மக்கள் தங்கள் கிராம சபையிலும் அதையே கொண்டுவர வேண்டும். அவர்களைச் சந்திக்கச் சிட்லப்பாக்கம், செம்பாக்கம் சங்கங்கள் முதலில் போக வேண்டும். மேலே இருப்பவர்கள் அனுப்பும் தண்ணீரைத் தாங்குபவர்கள் அவர்கள்.

தீர்மானத்தில் என்ன இருக்க வேண்டும் என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன், கூடிப் பேசித் திருத்துங்கள். கால்வாயின் பதிவேட்டு அகலத்தை எல்லைக்கல் நட்டு வெளியிட வேண்டும். எந்தச் சாலை வேலையும் தொடங்கும் முன் பழைய மட்டத்தையும் புதிய மட்டத்தையும் தெருமுனையில் பலகையில் எழுத வேண்டும். மழைநீர் வடிகாலில் கலக்கும் கழிவுநீர் இணைப்புகளை ஒரு குறிப்பிட்ட தேதிக்குள் நாங்களே அடைக்கிறோம், அதற்குப் பிறகு இருப்பவற்றை நீங்கள் துண்டியுங்கள் என்று மக்களே எழுதிக் கொடுக்க வேண்டும். தாம்பரம், சென்னை மாநகராட்சிகள், நீர்வளம், நெடுஞ்சாலை, வனத்துறை, ஊராட்சி எல்லாம் பருவமழைக்கு முன் ஒரே மேசையில் உட்கார வேண்டும். அந்த மேசையில் தொடரின் நலச்சங்கங்களுக்கும் நாற்காலி வேண்டும்.

கால்வாயை அளப்பது கோடையில்தான் நடக்கும், தண்ணீர் இருக்கும்போது அடி தெரியாது. ஆகவே தை பிறந்ததும் கூடிவிடலாம். செம்பாக்கம் ஏரிக்கரை எல்லோருக்கும் நடுவில் இருக்கிறது. ஒவ்வொரு சங்கத்திலிருந்தும் இரண்டு பேர் வாருங்கள், ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும், ஏனென்றால் வீட்டுக்குள் தண்ணீர் எந்தப் பக்கமாக நுழைகிறது என்பது அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும். உங்கள் பகுதிப் புலப்படத்தின் நகலையும் ஒரு நீள டேப்பையும் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
செம்பாக்கத்தில் குடியிருக்கும் உங்கள் அண்டை வீட்டுக்காரர்