ரேம் போட்டால் கேம் ஓடுமா என்று கேட்பவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பள்ளிக்கூட விடுமுறை தொடங்கியதும் யாங்கோனில் உள்ள நம் ரிப்பேர் கடைக்கு வரும் லேப்டாப்புகளுக்கு வயது கூடிவிடுகிறது. அப்பா எட்டு வருடம் கணக்கு எழுதியது, அக்கா படிக்கும்போது வாங்கியது, சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது என்று வரிசையாக வருகின்றன. பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்ததும் தம்பிமார் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, ரேம் போட்டா இதுல கேம் ஓடுமா?" (ரேம் என்பது ஓடிக்கொண்டிருக்கும் வேலையை லேப்டாப் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகம்.) ஆளுக்கு ஆள் விளக்கத் தொடங்கினால் பாதியிலேயே கரண்ட் போய்விடுகிறது. அதனால் எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் நம் தவறைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஒரு தம்பி பழைய லேப்டாப் ஒன்றைக் கொண்டுவந்தார். எந்த கேம் என்று கேட்காமலே, இருந்த 4 ஜிபியோடு இன்னும் 8 ஜிபி ரேம் போட்டு, பழைய ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான எஸ்எஸ்டியும் மாற்றிக் கொடுத்தோம். மெஷின் நன்றாகவே ஓடியது. அவர் விளையாட ஆசைப்பட்ட எல்டன் ரிங் மட்டும் திறக்கவே இல்லை. அந்த கேமுக்குக் குறைந்தது 12 ஜிபி ரேம் வேண்டும்; அது சரியாகத்தான் இருந்தது. ஆனால் 3 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060 அளவுக்காவது, திரையில் படம் வரையும் கிராபிக்ஸ் கார்டும் வேண்டும், கேம் அந்தக் கார்டோடு பேசும் டைரக்ட்எக்ஸ் 12-உம் வேண்டும். அவரிடம் இருந்தது 2012-இல் வந்த இன்டெல் எச்டி 4000 என்ற கிராபிக்ஸ் சிப். அதற்கு டைரக்ட்எக்ஸ் 12 தெரியாது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அன்றிலிருந்து கேமின் பெயரைக் கேட்காமல் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றுவதில்லை.

விஷயம் அந்த கிராபிக்ஸ் சிப்பில்தான் இருக்கிறது. டெஸ்க்டாப் என்றால் பழைய கார்டைப் பிடுங்கிவிட்டுப் புதியதைச் செருகலாம். லேப்டாப்பில் பெரும்பாலும் அது போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருக்கும். ஆபீஸ் லேப்டாப்புகளில் தனிச் சிப்பே இருக்காது, புராசஸருக்குள்ளேயே இருக்கும். நாங்கள் மட்டுமல்ல, எந்தக் கடையிலும் அதை மாற்றித் தருவது லேசான வேலை இல்லை. வெளியே பெட்டி வைத்து கார்டு மாட்டும் வழி உண்டு. அதற்குப் பெரும்பாலும் தண்டர்போல்ட் என்ற அதிவேக போர்ட் வேண்டும், பெட்டிக்கும் கார்டுக்கும் சேர்த்துக் கொடுக்கும் காசுக்கு நல்ல பழைய டெஸ்க்டாப்பே வாங்கிவிடலாம்.

உங்களிடம் என்ன இருக்கிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஸ்டார்ட் பட்டன்மேல் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்ற வரியை விரியுங்கள். இன்டெல் பெயர் மட்டும் இருந்தால் தனி கார்டு இல்லை. ஜிஃபோர்ஸ் என்றோ ரேடியான் என்றோ இன்னொரு பெயரும் இருந்தால் கொஞ்சம் நம்பிக்கை வைக்கலாம். கொஞ்சம்தான். 940எம்எக்ஸ் போன்றவை பெயருக்குத்தான் தனி கார்டு.

இதை வைத்து முழுக்க மனம் தளரவும் வேண்டாம். டோட்டா 2, லீக் ஆஃப் லெஜண்ட்ஸ், மைன்கிராஃப்ட் எல்லாம் செட்டிங்கைக் குறைத்தால் பல பழைய லேப்டாப்பில் ஓடும். 2015-இல் கணினிக்கு வந்த ஜிடிஏ 5-ஐக்கூட முயன்று பார்க்கலாம். திரையை 1920க்கு 1080 என்பதிலிருந்து 1280க்கு 720 ஆக்குங்கள். ஒவ்வொரு முறையும் வரைய வேண்டிய புள்ளிகள் சுமார் 20 லட்சத்திலிருந்து 9 லட்சத்துக்கு இறங்கிவிடும். படம் கொஞ்சம் மங்கும், கேம் ஓடும்.

"அண்ணே, கவுண்டர் ஸ்ட்ரைக் முன்னாடி நல்லா ஓடுச்சே, நீங்க ஏதோ பண்ணிட்டீங்க" என்று ஒருவர் சண்டைக்கே வந்தார். நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. 2023 செப்டம்பரில் பழைய கேமின் இடத்தில் கவுண்டர் ஸ்ட்ரைக் 2 வந்துவிட்டது. பெயர்தான் அதே, பசி வேறு: 8 ஜிபி ரேமும் 85 ஜிபி இடமும் வேண்டும். விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு 2024 ஜனவரி முதல் தேதியோடு கேம்களை வாங்கி இறக்கும் ஸ்டீம் செயலியின் ஆதரவும் நின்றுவிட்டது. 2024 கடைசியில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேம், ரே ட்ரேசிங் (ஒளி படும் விதத்தைக் கணக்கிட்டு வரையும் வசதி) உள்ள கார்டு இல்லாமல் தொடங்கவே தொடங்காது. ஜிஃபோர்ஸில் அந்த வசதி முதலில் வந்தது 2018-இல். அதற்கு முந்திய லேப்டாப்பில் எத்தனை ரேம் போட்டாலும் பயனில்லை.

சரி, ரேம் எப்போதுதான் உதவும்? தனி கார்டு இல்லாத லேப்டாப்பில் கிராபிக்ஸ் சிப் ரேமிலிருந்துதான் கடன் வாங்குகிறது. ஒரே ரேம் ஸ்டிக் இருக்கும் இடத்தில் இன்னொன்றையும் சேர்த்தால் இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் படிக்கும். கேமில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். காலியான ஸ்லாட் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எஸ்எஸ்டி போட்டால் கேம் சீக்கிரம் திறக்கும். திறந்தபின் வேகம் பெரிதாக அதிகரிக்காது.

நாங்கள் முதலில் செய்யச் சொல்வது சுத்தம். பத்து நிமிடம் நன்றாக ஓடி, அப்புறம் திக்கித் திக்கி நின்றால் அது பெரும்பாலும் சூடு. யாங்கோன் ஏப்ரல் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஃபேன் தூசியில் அடைத்து, புராசஸரின் சூட்டை வெளியே கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோனால் புராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒருவருடைய மெஷினுக்குள் ஊதுபத்திச் சாம்பலே படிந்திருந்தது. சாமி மாடத்துக்குக் கீழே வைத்து விளையாடியிருக்கிறார். திறந்து துடைத்துப் பேஸ்ட் மாற்றினோம். வேறு செலவே வரவில்லை.

கரண்ட் போனதும் கேம் மந்தமாவதும் பழுது இல்லை. பேட்டரியில் ஓடும்போது லேப்டாப் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. பேட்டரி செத்துவிட்டது என்று கழற்றிவிட்டு ஓட்டினாலும் சில மாடல்களில் அதே கதைதான்.

இணையம் வழியே வேறு ஊர்க் கணினியில் ஓடவைத்து விளையாடலாமே என்றும் கேட்கிறார்கள். ஜிஃபோர்ஸ் நவ் போன்ற சேவைக்கு 720 அளவுத் திரைக்கே 15 எம்பிபிஎஸ் இணைய வேகம் வேண்டும், அதுவும் அறுபடாமல். நம் லைனை நம்பி அதற்குப் பணம் கட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திருட்டு காப்பி வாங்கி வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: கேமோடு வைரஸும் வரும், அதை எடுக்கும் கூலி தனி.

இனி வரும்போது கேமின் பெயரை எழுதிக்கொண்டு வாருங்கள். ஓடாது என்றால் ஓடாது என்றே சொல்வோம், அதற்குக் காசு வாங்குவதில்லை. வருமுன் போன் செய்து கரண்ட் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சார்ஜரை மறக்க வேண்டாம். பாதிப் பேர் அதை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வருகிறார்கள். தண்ணீர்த் திருவிழா நாட்களில் வருபவர்கள், தயவுசெய்து லேப்டாப்பை இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
கடைக்காரர்