பச்சை விளக்குக்கு அர்த்தம் கேட்ட மீனாவுக்கு

அன்புள்ள மீனா,

ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவலைப் பற்றி நீ எழுதிய கட்டுரை வந்தது. பொறுமையாக இரண்டு தடவை படித்தேன். நன்றாக உழைத்திருக்கிறாய், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நடுவில் ஓர் அட்டவணை போட்டிருக்கிறாயே, அது என்னைத் தூங்கவிடவில்லை. பச்சை விளக்கு என்றால் நம்பிக்கை, சாம்பல் மேடு என்றால் சீரழிவு, விளம்பரப் பலகையின் கண்கள் என்றால் கடவுள், மஞ்சள் கார் என்றால் பணத்திமிர். தேர்வில் இதற்கு மதிப்பெண் கிடைக்கும், சரி. ஆனால் 'தி கிரேட் கேட்ஸ்பி'யில் குறியீடுகள் ஒரே இடத்தில் நிற்பதில்லை. யார் பார்க்கிறார்கள், எப்போது பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கின்றன. அந்த மாற்றத்தில்தான் கதையே நடக்கிறது.

பச்சை விளக்கையே எடுத்துக்கொள். முதல் அத்தியாயத்தின் கடைசியில் அது வரும்போது அது யார் வீட்டு விளக்கு என்று நமக்குத் தெரியாது. கதைசொல்லி நிக் கேரவேயின் பக்கத்து வீட்டுக்காரன் கேட்ஸ்பி இருட்டில் தண்ணீரை நோக்கிக் கைகளை நீட்டி நிற்கிறான், அவன் உடம்பு நடுங்குகிறது. அவன் பார்க்கும் திசையில் நிக் பார்த்தால் தூரத்தில் சின்னதாக ஒரு பச்சைப் புள்ளி, அவ்வளவுதான். விரிகுடாவுக்கு எதிர்க்கரையில் பழைய காதலி டெய்சி இருக்கிறாள் என்பதற்காகவே கேட்ஸ்பி அந்த மாளிகையை வாங்கினான் என்பது நான்காம் அத்தியாயத்தில், டெய்சியின் தோழி ஜோர்டன் பேக்கர் சொல்லித்தான் தெரியவருகிறது.

அப்புறம் ஐந்தாம் அத்தியாயம். டெய்சி அவன் பக்கத்திலேயே நிற்கிறாள். மூடுபனி இல்லாவிட்டால் உங்கள் வீடு இங்கிருந்து தெரியும், படகுத்துறை முனையில் இரவெல்லாம் ஒரு பச்சை விளக்கு எரியுமே என்று அவளிடமே சொல்கிறான். சொன்ன உடனே அந்த விளக்கின் மகத்துவம் போய்விடுகிறது. அவன் மனத்தில் மாயம் பூசிக்கொண்டிருந்த பொருள்களில் ஒன்று குறைந்துவிட்டது என்று நிக் குறிப்பிடுகிறான். ஆசைப்பட்டது கைக்கு எட்டிய அதே நிமிடத்தில் அது வெறும் விளக்காகிவிடுகிறது! 'நம்பிக்கை' என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டால் இந்த நிமிடத்துக்கு உன் கட்டுரையில் இடமே இல்லாமல் போகிறது. கடைசிப் பக்கத்தில் விளக்கு மறுபடி வரும்போது கேட்ஸ்பி உயிரோடு இல்லை. அங்கே நிக் அதை, இந்தத் தீவின் பசுமையை முதன்முதலில் பார்த்த டச்சு மாலுமிகளோடு சேர்த்து நினைக்கிறான். ஒரு தனிமனிதனின் காதல் ஒரு நாட்டின் கதையாக விரிவது அந்தப் பத்தியில்தான்.

அடுத்து, விளம்பரப் பலகையில் இருக்கும் டாக்டர் டி. ஜே. எக்கிள்பர்க்கின் கண்கள். அவற்றைக் கடவுள் என்று நீயும் எழுதியிருக்கிறாய், எல்லா உரைநூல்களும் எழுதுகின்றன. ஆனால் நாவலில் அப்படி நினைப்பது யார்? ஜார்ஜ் வில்சன் ஒருவன்தான். மனைவி மர்ட்டில் காரில் அடிபட்டுச் செத்த இரவு முழுவதும் தூங்காமல் இருந்துவிட்டு, விடியற்காலையில் சன்னல் வழியே அந்தப் பலகையைப் பார்த்தபடி, கடவுள் எல்லாவற்றையும் பார்க்கிறார் என்கிறான். கூடவே இருக்கும் பக்கத்துக் காபிக்கடைக்காரன் மிக்காலிஸ், அது விளம்பரம் என்று அவனுக்கு எடுத்துச் சொல்கிறான். இருவரில் யார் சொல்வது சரி என்று ஃபிட்ஸ்ஜெரால்ட் தீர்ப்புச் சொல்லவில்லை. துக்கத்தில் இருக்கும் ஓர் ஏழை மெக்கானிக்குக் கும்பிட ஒரு கண் மருத்துவரின் பழைய விளம்பரம்தான் மிஞ்சியிருக்கிறது. எனக்கு இந்த நாவலில் மிகவும் வலிக்கும் இடம் இது. அந்தப் பலகை நிற்கும் சாம்பல் வெளி கற்பனையும் அல்ல. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் கொரோனா என்ற இடத்தில் நிலக்கரிச் சாம்பலை அப்போது மலைமலையாகக் கொட்டி வைத்திருந்தார்கள். பின்னால் அதைச் சமப்படுத்தி, அங்கேதான் 1939 உலகக் கண்காட்சியை நடத்தினார்கள்.

கேட்ஸ்பியின் மஞ்சள் காரைப் பற்றி ஒன்றே ஒன்று. மர்ட்டிலை அடித்துவிட்டு நிற்காமல் போன கார் என்ன நிறம் என்று மிக்காலிஸுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. முதலில் வந்த போலீஸ்காரரிடம் வெளிர்பச்சை என்று சொல்லிவிடுகிறான். ஏழாம் அத்தியாயத்தில் ஒரே ஒரு வரி. உன் அட்டவணையில் மஞ்சளும் பச்சையும் தனித்தனிக் கட்டத்தில் இருக்கின்றன. ஆசிரியர் இரண்டையும் அந்தச் சாலையில் குழப்பிவிட்டிருக்கிறார்.

இனி பாத்திரங்கள். நிக்கை 'நேர்மையான கதைசொல்லி' என்று எழுதியிருக்கிறாய். அப்படிச் சொல்வது அவன்தானே? மூன்றாம் அத்தியாயத்தின் முடிவில், தான் அறிந்த மிகச் சில நேர்மையான மனிதர்களில் தானும் ஒருவன் என்கிறான். அதற்குச் சற்று மேலே பார். ஊரில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு வாரம் ஒரு கடிதம், அடியில் 'அன்புடன், நிக்' என்று கையெழுத்து. இங்கேயோ ஜோர்டன் மேல் மனம் போய்விட்டது. பொய்யன் என்று அவனைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. கேட்ஸ்பியைப் பற்றி நமக்குத் தெரிந்த எல்லாமே இவன் வழியாகத்தான் வருகிறது, அதை மறந்துவிடாதே என்கிறேன்.

டெய்சியை 'சுயநலக்காரி' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டாய். அவள் செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை. மர்ட்டிலைக் கொன்றபோது காரை ஓட்டியவள் அவள், பழி கேட்ஸ்பி மேல் விழுந்தது, அவன் அடக்கத்துக்குக்கூட அவள் வரவில்லை. இருந்தாலும் 1919 ஜூனில் அவள் சொந்த ஊரான லூயிவில்லில் நடந்ததை ஒருமுறை மெதுவாகப் படி. அவளை மணக்கப்போகும் டாம் பியூகேனன் 3,50,000 டாலர் மதிப்புள்ள முத்துமாலை கொடுத்திருக்கிறான். திருமணத்துக்கு முந்தைய நாள் அவள் குடித்துவிட்டுக் கட்டிலில் கிடக்கிறாள், கையில் ஒரு கடிதம். குளிர்ந்த நீர்த்தொட்டியில் உட்கார வைத்தபோதும் அதை விடவில்லை. நீரில் ஊறிக் கசங்கி, பனித்துகள் மாதிரி பிய்ந்து போகும்போதுதான் சோப்புக் கிண்ணத்தில் வைக்கச் சம்மதிக்கிறாள். அரை மணி நேரத்தில் முத்துமாலை கழுத்தில் ஏறிவிடுகிறது. அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று நாவல் நமக்குக் கடைசிவரை சொல்வதே இல்லை. உன் கட்டுரையில் இந்தக் காட்சி வரவே இல்லை என்பதுதான் என் பெரிய வருத்தம்.

'அமெரிக்கக் கனவு' என்ற தலைப்பில் மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். அதைப் பாதியாகக் குறைக்கலாம். அமெரிக்காவில் மதுவிலக்கு 1920 முதல் 1933 வரை இருந்தது, கேட்ஸ்பியின் பணம் கள்ளச்சாராயத்தில் வந்தது என்பதெல்லாம் சுருக்கமாகப் போதும். அதற்குப் பதில் கடைசி அத்தியாயத்தில் அவன் அப்பா ஹென்றி காட்ஸ் சட்டைப்பையிலிருந்து எடுக்கும் பழைய புத்தகத்துக்குப் போ. பின்னட்டையின் உள்பக்கத்தில் பையன் எழுதிய கால அட்டவணை, தேதி 1906 செப்டம்பர் 12. ஆறு மணிக்கு எழ வேண்டும், மின்சாரம் படிக்க வேண்டும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிக்க வேண்டும், அப்பா அம்மாவிடம் இன்னும் நன்றாக நடந்துகொள்ள வேண்டும். வாரம் 5 டாலர் சேமிக்க வேண்டும் என்று எழுதி, அதை அடித்துவிட்டு 3 டாலர் என்று மாற்றியிருக்கிறான். பெஞ்சமின் ஃபிராங்கிளின் தன் வாழ்க்கைக் கதையில் தந்திருக்கும் நாள் ஒழுங்கின் சாயல் இதில் அப்படியே தெரியும். செத்துப்போன மகனின் மாளிகையில் நின்றுகொண்டு அந்தத் தகப்பன் ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படித்துக் காட்டுகிறார். கருப்பொருள் என்று தனியாக எதையும் தேட வேண்டாம், எல்லாம் அந்த 3 டாலரில் இருக்கிறது.

இதையும் தெரிந்துகொள். 1925 ஏப்ரலில் நாவல் வெளிவந்தபோது பெரிதாக விற்கவில்லை. 1940-இல் ஃபிட்ஸ்ஜெரால்ட் தன் 44-ஆம் வயதில் இறந்தபோது இரண்டாம் அச்சின் பிரதிகள் இன்னும் கிடங்கில் மீதமிருந்தன. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு இலவசமாகக் கொடுத்த மலிவுப் பதிப்பு அதைப் பரவலாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

சரி, திருத்தி எழுதும்போது அட்டவணையை எடுத்துவிடு. அந்த இடத்தில் ஐந்தாம் அத்தியாயத்தின் கடிகாரத்தை எழுது. நிக் வீட்டில், ஓடாத ஒரு பழைய கடிகாரத்தில் கேட்ஸ்பி தலையைச் சாய்க்கிறான். அது சரிகிறது, நடுங்கும் விரல்களால் பிடித்துவிடுகிறான். அது கீழே விழுந்து நொறுங்கிவிட்டதாகவே அங்கே எல்லாரும் ஒரு கணம் நம்பியிருப்பார்கள் என்கிறான் நிக். நாம் பார்த்துப் பல வருடம் ஆகிவிட்டது என்று டெய்சி சொல்ல, வரும் நவம்பரோடு ஐந்து வருடம் என்று கேட்ஸ்பி யோசிக்காமல் பதில் சொல்கிறான். இந்த ஒரு காட்சிக்கு இரண்டு பக்கம் தாராளமாக வரும்.

டெய்சி விஷயத்தில் அத்தை சொன்னாளே என்பதற்காக எதையும் மாற்றாதே. அந்தக் கடிதக் காட்சியைப் படித்த பிறகும் அவள் சுயநலக்காரிதான் என்று தோன்றினால் அப்படியே எழுது, ஆனால் அந்தக் காட்சியைக் காட்டி எழுது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பினால் நீ சமர்ப்பிப்பதற்கு முன் இன்னொரு தடவை பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அத்தை