குரல் பற்றி, ஜானகிக்கு

கோயம்புத்தூர்

அன்புள்ள ஜானகி,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பாட்டு வகுப்பை மாடிக்கு மாற்றியது மிகவும் நல்லது. கீழே இருந்தவரை தெருவில் போகும் வண்டிச் சத்தத்தில் பிள்ளைகள் சுருதி பிடிக்கத் தவித்ததை நானே பார்த்திருக்கிறேன். மகள் வணிகவியல் எடுத்ததற்கு வருத்தப்படாதே. கணக்குப் பதிவியலில் சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிடச் சொல், பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறேன். இங்கே சிறுவாணிப் பக்கம் நல்ல மழை. கிணறுகளில் தண்ணீர் ஏறிவிட்டால் எங்கள் பம்ப்செட் வியாபாரம் படுத்துவிடும். டீலர்களின் போன் பாதியாகக் குறைந்திருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை.

இனி நீ கேட்டவற்றுக்கு வருகிறேன். பயிற்சியிலேயே என் குரல் பெண் குரலாக இவ்வளவு மாறியிருக்கும்போது எதற்குக் குரல் அறுவை சிகிச்சை என்று கேட்டிருக்கிறாய். அப்படியே செய்துகொண்டாலும் எல்லோரிடமும் சொல்லிவிட்டுச் செய்யலாமே, எதற்கு மறைக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறாய். உன்னைத் தவிர வேறு யார் கேட்டிருந்தாலும் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

முதலில் பயிற்சி. திருநங்கையான நான் எடுத்த ஹார்மோன் மாத்திரை என் தோலை மாற்றியது, முகத்தை மாற்றியது, அழுகை வரும் விதத்தைக்கூட மாற்றியது. குரலை அது தொடவில்லை. பருவ வயதில் ஒருமுறை தடித்த குரல் நாண் எந்த மாத்திரைக்கும் மெலிவதில்லை. அதனால்தான் பேச்சுப் பயிற்சியாளரிடம் போனேன். மைசூருவில் உள்ள அனைத்திந்தியப் பேச்சு, கேட்புத்திறன் நிறுவனத்தில் படித்தவர் அவர். வீடியோ அழைப்பில்தான் வகுப்பு. ஒரு டம்ளரில் பாதி தண்ணீர் எடுத்து, அதில் ஸ்ட்ராவை விட்டு, குமிழி வரும்படி 'ஊ' என்று ஊத வேண்டும். குமிழி சீராக வந்தால் தொண்டை இறுகவில்லை என்று பொருள். பிறகு அதே ஊதலில் சுருதியை மெல்ல ஏற்றி இறக்க வேண்டும். அடுத்ததாக, குரல் நெஞ்சில் அதிராமல் வாயின் முன்புறம், பல்லுக்குப் பின்னால் அதிரும்படி 'ஈ', 'மீ', 'நீ' என்று பழக வேண்டும். சுருதியின் உயரம் மட்டுமல்ல, இந்த அதிர்வும் சேர்ந்துதான் கேட்பவர் காதில் பெண் குரலா, ஆண் குரலா என்று முடிவு செய்கிறது என்பது அவர் அடிக்கடி சொல்வது. பழகிய பிறகு எனக்கும் அது சரியென்றே படுகிறது.

உனக்குப் புரியும் கணக்கில் சொல்கிறேன். ஆண்கள் பொதுவாகப் பேசுவது 100 முதல் 130 ஹெர்ட்ஸ் வரை, அதாவது நொடிக்கு அத்தனை அதிர்வு. பெண்கள் 180 முதல் 220 வரை. உன் சுருதிப் பெட்டியில் ஒரு கட்டைச் சுருதியின் ஷட்ஜம், அதாவது 'ஸ', 131 ஹெர்ட்ஸ், ஐந்து கட்டையின் ஷட்ஜம் 196. நம் பாகவதர்கள் ஒரு கட்டையிலும் பாடகிகள் ஐந்து கட்டையிலும் பாடுகிறார்களே, பேச்சுக் குரல்களுக்கு நடுவில் உள்ள தூரம் அதைவிடச் சற்றே அதிகம். கவனத்தோடு பேசினால் என்னால் இப்போது 175ஐத் தொட முடிகிறது. கடைக்காரர் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கவனத்தோடு பேசினால் என்பதுதான் சிக்கல். காலையில் கண் விழித்ததும் வருகிற முதல் வார்த்தை பழைய குரலில் வருகிறது. குக்கர் திடீரென்று விசிலடித்துத் திடுக்கிட்டால் பழைய குரல். இருமல், தும்மல், சிரிப்பு, ஜலதோஷம், யாரிடமாவது கோபம், எல்லாமே பழைய குரல்தான். நாள் முழுக்க டீலர்களோடு பேசி மாலையில் களைத்துப்போனால் குரல் தானாகக் கீழே இறங்குகிறது. நான் சிரிப்பதற்கு முன்னால் ஒரு நொடி யோசிக்கிறேன், ஜானகி. விடுதியில் நாம் சிரித்த சிரிப்பை நினைத்துப் பார், அதற்கு முன்னால் யாராவது யோசித்தோமா?

அறுவை சிகிச்சை குரலின் இந்தக் கீழ்ப்பகுதியைத்தான் எடுக்கிறது. அதில் பல வகை உண்டு. கியோட்டோவைச் சேர்ந்த இஷிகி 1974இல் எழுதிய முறையில், கழுத்தின் முன்புறம் கீறி, இரண்டு குருத்தெலும்புகளை நெருக்கித் தைத்து, குரல் நாணை இழுத்து முறுக்குகிறார்கள். பெர்லினைச் சேர்ந்த வெண்ட்லரின் முறையில், வாய் வழியாகவே கருவியை விட்டு, இரண்டு குரல் நாண்களின் முன்பகுதித் தோலை நீக்கி ஒன்றோடொன்று தைத்து ஒட்டிவிடுகிறார்கள். அதிரும் நீளம் குறைகிறது, சுருதி ஏறுகிறது. முதலாவது, வீணையில் தந்தியை இறுக்கும் பிருடையை முறுக்குவது. இரண்டாவது மேல் மெட்டில் விரலை அழுத்தி வைத்துவிடுவது. முறுக்கியது நாளடைவில் தளரக்கூடும். அதோடு கழுத்தில் தழும்பும் விழும். என்னைப் போன்றவளுக்கு அந்தத் தழும்பே ஒரு அறிவிப்புப் பலகை. அதனால் வெண்ட்லர் முறை என்று முடிவு செய்திருக்கிறேன்.

இதில் போவதையும் சொல்லிவிடுகிறேன், நீ பாட்டு ஆசிரியை, உன்னிடம் மறைக்க முடியாது. மந்தர ஸ்தாயி, அதாவது கீழ்ச் சுரங்கள், போய்விடும். மேலேயும் சில சுரங்கள் குறையலாம். கூப்பிடு தூரத்துக்குக் கத்த முடியாமல் போகலாம். சிலருக்குக் குரல் கரகரப்பாகவே நின்றுவிடுகிறது. சிலருக்குத் தையல் பிரிந்து மறுபடி செய்ய நேர்கிறது. மார்கழி பஜனையில் நான் கீழே பிடிக்க நீ மேலே பாடுவாயே, அது இனி நடக்காது. வாய்க்குள் அதிரும் இடத்தையும் அறுவை சிகிச்சை மாற்றாது, அதற்குப் பயிற்சியைத் தொடர்ந்தே ஆக வேண்டும். அம்மாவுக்கு ஒரே ஒரு வருத்தம்தான். என் குரல் அப்பாவின் குரலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அவள் கேட்கிற பாட்டையெல்லாம் பாடிப் பதிவு செய்து கொடுக்கப்போகிறேன்.

மறைப்பதைப் பற்றி. சென்ற மாதம் கார்டு முடங்கியதால் வங்கியின் சேவை எண்ணுக்கு அழைத்தேன். பெயர், பிறந்த தேதி, அம்மாவின் பெயர், கடைசியாகப் பணம் எடுத்த இடம், எல்லாம் சரியாகச் சொன்னேன். "சார், அக்கவுண்ட் அந்த மேடத்தின் பெயரில் இருக்கிறது, அவர்களிடம் போனைக் கொடுங்கள்" என்றார் எதிர்முனையில் இருந்தவர். நான்தான் அவள் என்றேன். பாதுகாப்புக் காரணம் என்று சொல்லிக் கணக்கையே முடக்கிவிட்டார்கள். அதைத் திறக்கக் கிளைக்குப் போய், வரிசையில் நின்று, கவுண்டரில் இருந்தவரிடம் என் கதையைச் சொல்ல வேண்டியதாயிற்று. எனக்குப் பின்னால் நின்றவர் ஒரு அடி முன்னால் வந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் எதையோ மறைப்பதாக நீ நினைக்கிறாய். உண்மையில் என் குரல் என்னைக் கேட்காமலே தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறது. சொல்கிற உரிமையை அதனிடமிருந்து திரும்ப வாங்கத்தான் இந்த அறுவை சிகிச்சை. செய்துகொள்ளப்போவதை எல்லோரிடமும் சொல்லிவிட்டால், அப்புறம் எதைத் திரும்ப வாங்கினேன்?

திருநங்கை என்று வெளிப்படையாக வாழ்பவர்கள்மேல் எனக்குள்ள மரியாதை உனக்குத் தெரியும். பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜ் 2019இல் பத்மஸ்ரீ பெற்றபோது நாம் போனில் அழுதோம். பிரித்திகா யாஷினி நீதிமன்றம் வரை போய்க் காவல் உதவி ஆய்வாளர் வேலையைப் பெற்றாரே, அப்படிப்பட்டவர்கள் ஊரறியப் போராடியதால்தான் என் சான்றிதழ்களில் என் பெயர் இருக்கிறது. அந்தக் கடனை மறக்கவில்லை. ஆனால் திருநங்கையாக இருக்கிற ஒவ்வொருத்தியும் மேடையேறி விளக்கம் சொல்ல வேண்டும் என்பதை ஏற்க மாட்டேன். 2014 ஏப்ரல் 15 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, நான் யார் என்பதை நானே முடிவு செய்யலாம் என்றது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். இரண்டும் எனக்கும் சேர்த்துச் சொன்னவை. அலுவலகத்தில் என்னைக் கட்டைக் குரல் உள்ள ஒரு பெண்ணாகத்தான் அறிந்திருக்கிறார்கள். காரணத்தை அவர்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. மதியம் சேர்ந்து சாப்பிடுகிறோம், குழந்தைகளின் காதுகுத்துக்குக் கூப்பிடுகிறார்கள். இது எனக்குப் போதும்.

இதைச் செய்வதில் நடைமுறைச் சங்கடங்கள் ஏராளம். உள்ளூரில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவமனைக்குப் போனபோது, வரவேற்பில் இருந்த பெண் கூடம் நிறைய ஆட்கள் இருக்க, "எதுக்குக் குரலை மாத்தணும்?" என்று உரக்கக் கேட்டாள். டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். பெங்களூருவில் பார்த்த மருத்துவர் வேறு மாதிரி. உடன் வந்த பயிற்சி மருத்துவர் இருப்பதில் உங்களுக்குச் சம்மதமா என்று என்னைக் கேட்ட பிறகுதான் அவரை உட்காரச் சொன்னார். நோயாளியின் ரகசியத்தை வெளியிடக் கூடாது என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன, அதை அவரே எடுத்துச் சொன்னார். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் என் ஆவணங்களின் நகலைத் தர வேண்டும் என்பதும் அதே விதிகளில் உண்டு. வாங்கி என்னிடமே வைத்துக்கொள்வேன்.

அலுவலகத்தின் குழுக் காப்பீட்டைத் தொடப்போவதில்லை. கேஷ்லெஸ் படிவத்தில் நோயின் பெயரும் சிகிச்சையின் பெயரும் எழுதியாக வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அந்தக் கோப்பைப் பார்ப்பவர் என் எதிர் மேசைக்காரர். நல்ல மனிதர், இருந்தாலும் அது அவருக்குத் தெரிய வேண்டிய விஷயம் அல்ல. சீட்டு எடுத்துக் கட்டிவிடுகிறேன். ஐப்பசி மழையில் பம்ப்செட் விற்காது, அப்போது நீண்ட விடுப்பு கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். முதல் ஒன்றிரண்டு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. இருமக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. குரல் நிலைக்கு வரச் சில மாதங்கள் ஆகும். குரல் நாணில் அறுவை சிகிச்சை, மருத்துவர் பேசக் கூடாது என்றிருக்கிறார் என்று சொல்வேன். ஆசிரியர்களும் பாடகர்களும் குரல் நாணில் முடிச்சு வந்து இதே மாதிரி மௌனமாக இருந்துவிட்டு வருவது ஊரில் நடக்கிற விஷயம். நான் சொல்வதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. மீதியைச் சொல்லாமல் இருப்பதைப் பொய் என்று நீ எழுதியிருந்தாய். உன் மாணவிகளின் பெற்றோரிடம் உன் கருச்சிதைவைப் பற்றி நீ சொன்னாயா, ஜானகி? சொல்ல வேண்டும் என்று யாராவது உன்னைக் கேட்க நான் விட்டிருப்பேனா?

எல்லாவற்றையும் மறைக்க முடியாது என்பதும் தெரிந்துதான் இருக்கிறேன். குரல் நாண்களின் முன்பகுதி ஒட்டிவிட்ட பிறகு மூச்சுப் பாதை அந்த இடத்தில் குறுகலாகிவிடும். பின்னாளில் எனக்கு விபத்தோ வேறு அறுவை சிகிச்சையோ வந்து முழு மயக்கம் கொடுக்க நேர்ந்தால், வழக்கமானதைவிடச் சிறிய குழாயைத்தான் தொண்டைக்குள் விட வேண்டும்; தெரியாமல் பெரியதை விட்டால் தையல் போட்ட இடம் கிழியக்கூடும். இந்தத் தகவலை ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸில் வைத்திருக்கச் சொன்னார் மருத்துவர். ஏன் செய்துகொண்டேன் என்று அதில் எழுத வேண்டியதில்லை. ஆனால் நான் நினைவில்லாமல் கிடக்கும்போது அந்த அட்டையை எடுத்து நீட்ட ஒருவர் வேண்டும். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, ஆஸ்பத்திரி என்றாலே அவளுக்குக் கை நடுங்கும்.

அதனால் உன்னைக் கேட்கிறேன். அந்த ஒருவராக நீ இருப்பாயா? பெங்களூருவில் உடன் தங்க ஒருவர் வேண்டும், சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடவும் ஆள் கேட்பார்கள். உறவு என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் அக்கா என்று எழுதிவிடு. நான் பேசக் கூடாத நாட்களில் செவிலியரிடமும் கேன்டீன்காரரிடமும் எனக்காகப் பேச ஒரு வாய் வேண்டும். உன்னுடையதைவிடப் பலமான வாயை நான் பார்த்ததில்லை. உனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை என்பதும் தெரியும். சம்மதம் இல்லாமலும் நீ வரலாம், வந்த பிறகு என்னைத் திட்டிக்கொண்டே இருக்கலாம், நான் பதில் பேச முடியாது.

மாமாவிடம் மட்டும் காரணத்தைச் சொல்லிக்கொள். வீட்டில் வேறு யாருக்கும் வேண்டாம். நவராத்திரி வகுப்புகள் முடிந்த பிறகுதான் தேதி குறிக்கப்போகிறேன், உனக்கு எந்த வாரம் தோதுப்படும் என்று எழுது. திருச்சியிலிருந்து இரவு ரயிலில் வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல். தீபாவளிக் கூட்டத்தில் டிக்கெட் கிடைக்காது.

அன்புடன்,
உன் கயல்