மருந்து இலவசம், கொண்டுபோய்ச் சேர்ப்பது இலவசமில்லை

மலேரியாவுக்கும் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களுக்கும் நிதி வழங்கும் அரசுகளுக்கும் அறக்கட்டளைகளுக்கும்,

வணக்கம். மாத்திரைதான் இலவசமாக வருகிறதே, அப்புறம் எதற்கு இவ்வளவு பணம் என்று உங்களுக்குத் தோன்றலாம். நியாயமான கேள்விதான். புழுவால் வரும் ஆற்றுக் குருட்டு நோய்க்கான ஐவர்மெக்டின் மாத்திரையை மெர்க் நிறுவனம் 1987-லிருந்து விலையில்லாமல் தருகிறது. யானைக்கால் நோய்க்கு அல்பெண்டசோல், கண்ணைப் பறிக்கும் டிரக்கோமாவுக்கு அசித்ரோமைசின் எல்லாம் அப்படித்தான் வருகின்றன. துறைமுகத்தில் பெட்டி இறங்குவதற்கும் ஒருவர் அந்த மாத்திரையை விழுங்குவதற்கும் நடுவில் ஆகும் செலவைப் பற்றித்தான் இந்த மடல்.

ஐவர்மெக்டின் கொடுக்கும் இடத்தில் எடை பார்க்கும் கருவி இருக்காது. கோடு போட்ட ஒரு கம்பு இருக்கும். வருகிறவர் அதன் பக்கத்தில் நிமிர்ந்து நிற்க வேண்டும். தலை எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அதைப் பார்த்து ஒன்று முதல் நான்கு மாத்திரை வரை கொடுப்பார்கள். 90 செ.மீ. உயரம் இல்லாத குழந்தைக்குக் கிடையாது, கர்ப்பிணிக்கும் கிடையாது. கண்ணெதிரே விழுங்கியதைப் பார்த்த பிறகே பதிவேட்டில் பெயருக்கு நேரே குறி போட வேண்டும். இதையெல்லாம் செய்கிறவர் பெரும்பாலும் அதே ஊர்க்காரரான தன்னார்வலர். அன்றைக்குத் தன் வேலையை விட்டுவிட்டு வந்திருப்பார்.

அவருடைய வேலை அத்தோடு முடிவதில்லை. உடம்பில் புழு அதிகமாக இருப்பவருக்குத்தான் மாத்திரை போட்ட பிறகு காய்ச்சலும் அரிப்பும் அதிகம் வரும். குட்டிப் புழுக்கள் சாவதால் வருவது அது. மறுநாள் யாராவது போய் விளக்கிச் சொன்னால் சரி. போகவில்லை என்றால் "அந்த மாத்திரை ஆளைக் கெடுக்கிறது" என்ற பேச்சு சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிடும், அடுத்த ஆண்டு பாதிப் பேர் கதவைத் திறக்க மாட்டார்கள். மறுநாள் நடைக்கான செலவைத்தான் பட்ஜெட்டில் முதலில் வெட்டுகிறீர்கள்.

இன்னொன்று, காலக் கணக்கு. ஐவர்மெக்டின் குட்டிப் புழுக்களைக் கொல்லும், ஆனால் தாய்ப் புழு சாகாது. ஆற்றுக் குருட்டு நோயின் தாய்ப் புழு 10 ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். அது ஓயும்வரை ஆண்டுதோறும் மருந்து கொடுத்தாக வேண்டும். நீங்கள் தருவதோ மூன்று ஆண்டுத் திட்டம். புழுவின் ஆயுளைப் பார்த்து ஒப்பந்தம் போடுங்கள் என்று கேட்பது வேடிக்கையாகத் தெரியலாம், ஆனால் கோரிக்கை அதுதான்.

யானைக்கால் நோயால் ஏற்கெனவே கால் வீங்கிப் போனவர்களுக்கு மாத்திரையால் பெரிய பலன் இல்லை. அவர்களுக்குத் தேவை ஒரு பேசின், சோப்பு, சுத்தமான தண்ணீர், துண்டு. தோல் மடிப்புகளையும் விரல் இடுக்குகளையும் தினமும் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். ஈரம் நின்றால் புண்ணாகும், கிருமி உள்ளே போகும், காய்ச்சலோடு படுக்கையில் விழுவார்கள், வீக்கம் இன்னும் ஏறும். விரை வீக்கம் வந்த ஆண்களுக்கு ஓர் அறுவை சிகிச்சை போதும். வெட்கத்தில் வெளியே சொல்லாதவர்களைத் தேடிப் பிடிப்பதுதான் கடினம். யானைக்கால் ஒழிப்புத் திட்டத்தில் இந்தப் பராமரிப்பும் பாதி என்று ஏட்டில் இருக்கிறது. பணம் மட்டும் பாதியாக வருவதில்லை.

மலேரியாவுக்கு வருகிறேன். 2023-இல் அதனால் இறந்தவர்கள் ஏறக்குறைய 6 லட்சம் பேர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பெரும்பாலும் ஆப்பிரிக்கா. அங்கே இறந்தவர்களில் நான்கில் மூன்று பங்கு 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள். சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள சாஹேல் பகுதியில் மழைக்காலம் முழுக்க மாதம் ஒரு முறை குழந்தைகளுக்குத் தடுப்பு மாத்திரை கொடுக்கிறார்கள். முதல் நாள் பணியாளர் கொடுப்பார், அடுத்த இரண்டு நாள் வீட்டில் தாய் கொடுக்க வேண்டும். மழை உங்கள் நிதியாண்டைப் பார்த்து வருவதில்லை. மழை விட்ட பிறகு வந்து சேரும் பணம் அந்த ஆண்டுக் குழந்தைகளுக்கு உதவாது.

எண்ணிக்கை குறைந்துவிட்டது, இனி வேறு இடத்துக்குப் போகலாம் என்று நினைப்பவர்கள் இலங்கையின் கதையைப் பார்க்கட்டும். 1963-இல் அங்கே மலேரியா நோயாளிகள் வெறும் 17 பேர். கொசு மருந்துத் தெளிப்பு நின்றது, கண்காணிப்பு தளர்ந்தது. 1969-இல் மட்டும் 5 லட்சம் பேருக்கு மேல். மலேரியா இல்லாத நாடு என்ற சான்று கிடைக்க 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது பல நாடுகளில் மருந்து வழங்கும் முகாம்கள் தள்ளிப்போயின. மாத்திரைக்குக் காலாவதித் தேதி உண்டு, கிடங்கில் காத்திருக்காது. ஒரே பையை நம்பி இத்தனை நாடுகள் இருந்தது தவறுதான். அந்தந்த அரசுகளும் தங்கள் பங்கைப் போடத்தான் வேண்டும். ஆனால் அதற்கு அவகாசம் கொடுங்கள். விலகுவதாக இருந்தால் இரண்டு மழைக்காலத்துக்கு முன்பே எழுத்தில் சொல்லுங்கள். இருப்பதாக இருந்தால் தன்னார்வலரின் வழிச்செலவுக்கும், அந்த மறுநாள் நடைக்கும், சோப்புக்கும் துண்டுக்கும் பட்ஜெட்டில் தனி ஒதுக்கீடு போடுங்கள். அடுத்த ஒதுக்கீட்டுக் கூட்டத்திலேயே அதைப் பார்க்க விரும்புகிறோம்.

இப்படிக்கு,
களப்பணியாளர்கள் சார்பில் ஒருவர்