விலகி நின்றும் விலக்கி வைக்காதவர்களுக்கு

வேலூர் சைதாப்பேட்டையில் எங்கள் தெருவில் குடியிருப்போருக்கும், மாநகராட்சியின் தூய்மைப் பணியாளர்களுக்கும், சுகாதாரத் துறையின் களப்பணியாளர்களுக்கும், 2020 ஏப்ரலில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பணியிலிருந்த செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பத்தாரின் வணக்கம்.

இந்த மடலை எழுதத் தூண்டியது ஒரு செய்தி. கொரோனா காலத்தில் தப்லீக் ஜமாஅத் என்ற இஸ்லாமிய மார்க்கப் பிரச்சார அமைப்பின் வெளிநாட்டு உறுப்பினர்களுக்குத் தங்க இடமளித்தார்கள் என்று 70 இந்தியர்கள் மீது தொடரப்பட்டிருந்த வழக்குகளை 2025 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 மார்ச்சில் அந்த அமைப்பின் தலைமையகமான டெல்லி நிஜாமுதீன் மர்கஸுக்குப் போய்வந்தவர்களில் எங்கள் அத்தாவும் ஒருவர். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "அப்போது நமக்காக நின்றவர்களுக்கு நாம் இன்னும் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லையே" என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதியதே பெரும்பகுதி. இடையிடையே வரும் கருத்துகள் மட்டும் என்னுடையவை.

மர்கஸில் கூடியவர்களிடையே தொற்று பரவியது உண்மை. தமிழ்நாட்டின் தொடக்ககாலத் தொற்றாளர்களில் பலர் அங்கிருந்து திரும்பியவர்கள் என்பதையும் நாங்கள் மறுத்ததில்லை. அரசு கேட்டுக்கொண்டதும் அத்தா தாமாகவே முன்வந்து பெயரைக் கொடுத்தார், பரிசோதனைக்கு உட்பட்டார், தொற்று உறுதியானதும் 108 வண்டியில் ஏறினார். அவர் ஏறுவதை யாரோ மாடியிலிருந்து படம்பிடித்து, வீட்டு எண்ணோடு வாட்ஸ்அப்பில் பரப்பினார்கள். அதற்குப் பின் நடந்தவற்றுக்கும் கிருமிக்கும் தொடர்பில்லை. டெல்லி இருக்கும் திசையைக்கூட அறியாத எங்கள் உறவினர் ஒருவரின் பழக்கடைக்கு ஆட்கள் வருவது நின்றது. தொற்றில்லை என்று முடிவு வந்த பிறகும், நிறைமாதமாக இருந்த என் அண்ணியை ஒரு தனியார் மருத்துவமனையின் வாசலிலேயே பெயரைக் கேட்டுத் திருப்பியனுப்பினார்கள். அந்த மருத்துவமனையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இது நன்றி மடல்.

முதல் நன்றி, எங்கள் தெருவின் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயாவுக்கு. முஸ்லிம் வியாபாரிகள் பழங்களில் எச்சில் தடவுவதாக ஒரு பழைய காணொளி அந்த நாட்களில் நாடெங்கும் சுற்றியது; எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவிலும் அது வந்து விழுந்தது. சிலர் கைகூப்பும் படத்தைப் போட்டார்கள், பலர் வாய் திறக்கவில்லை. ஐயா மட்டும், "எந்தக் கடை, எந்த நாள், பார்த்தவர் யார்? தெரிந்தவர் சொல்லுங்கள், புகார் கொடுக்க நானே காவல் நிலையத்துக்கு உடன் வருகிறேன்" என்று எழுதினார். பதில் வரவில்லை. மறுநாள் அதே கேள்வியை மறுபடியும் போட்டார். காணொளியை அனுப்பியவர் அதை நீக்கும்வரை அவர் விடவில்லை. எங்களைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்றுகூட அவர் அதில் எழுதவில்லை என்பதைப் பின்னாளில்தான் கவனித்தோம். நல்லவர்கள் என்று சான்றிதழ் கொடுத்துக் காப்பாற்றாமல், பழி சொன்னவரிடம் ஆதாரம் கேட்டாரே, அதற்காகவே அவர்மேல் எங்களுக்கு மதிப்பு அதிகம்.

இதே ஐயாதான், ஊரடங்குக்குச் சில நாட்கள் முன்பு, சிகிச்சைக்காக வந்து பக்கத்துத் தெரு விடுதியில் தங்கியிருந்த மணிப்பூர்க் குடும்பத்தைப் பார்த்துப் பையன்கள் "கொரோனா, கொரோனா" என்று கத்தியபோது, அவர்களின் பெற்றோரை அழைத்துப் பேசியவர். வடகிழக்கு மாநிலத்தவரை இப்படித் துன்புறுத்துவோர் மீது நடவடிக்கை எடுக்குமாறு 2020 மார்ச்சில் உள்துறை அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுத வேண்டியிருந்தது. முகத்தைப் பார்த்து வந்த பழி, ஒரு மாதத்துக்குள் தொப்பியையும் தாடியையும் தேடி வந்தது.

அடுத்த நன்றி, தள்ளுவண்டியில் காய்கறி கொண்டுவரும் அக்காவுக்கு. தெருமுனையில் தகரம் அடித்து அடைத்தபின் எங்கள் பக்கம் வர எல்லோரும் தயங்கினார்கள். அக்கா தகரத்துக்கு அப்பால் வண்டியை நிறுத்தி, பையைத் தரையில் வைத்துவிட்டு ஆறடி தள்ளி நின்றுகொள்வார். நாங்கள் எடுத்துக்கொண்டு, மஞ்சள் கரைத்த தண்ணீர்க் கிண்ணத்தில் காசைப் போடுவோம். அடுத்த தெருவிலும் அவருக்கு அதே ஆறடிதான், அதே கிண்ணம்தான். விலையும் ஒன்றே. நோய்க்கு அஞ்சி விலகுவதற்கும் ஆளைப் பார்த்து விலக்குவதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் யாரிடமும் போய்ப் படிக்கவில்லை.

மத நல்லிணக்கம் என்றதும் நோன்புக் கஞ்சியைப் பகிரும் படத்தைப் போடுவது நம்மவர் வழக்கம். அந்த ஆண்டு ரமலானில் பள்ளிவாசல் பூட்டியிருந்தது, எங்கள் வீட்டுக் கஞ்சியை யாருக்கும் கொடுக்கவுமில்லை, யாரும் கேட்கவுமில்லை, அதுவே சரி. தினமும் வந்து குப்பையை எடுத்த தூய்மைப் பணியாளர்களும், கதவில் தனிமைப்படுத்தல் அறிவிப்பை ஒட்டிவிட்டுப் "பதற்றப்படாதீங்கம்மா, எல்லா வீட்டுக்கும் இதே தாள்தான்" என்று சொன்ன சுகாதார ஆய்வாளரும் எங்களுக்குச் செய்தது அதைவிடப் பெரியது. அண்ணிக்குப் பிரசவம் பார்த்த அடுக்கம்பாறை மகப்பேறு பிரிவினரின் கடனை எப்படித் தீர்ப்பது என்று தெரியவில்லை. பிள்ளை இப்போது பள்ளிக்குப் போகிறான்.

நோய்க்கு மதச்சாயம் பூச வேண்டாம் என்று அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அந்த ஏப்ரலிலேயே கேட்டுக்கொண்டார். தப்லீக் வெளிநாட்டினர் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்ற பொருளில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு 2020 ஆகஸ்டிலேயே எழுதி, வழக்குகளை ரத்து செய்தது. இருவருக்கும் நன்றி உண்டு. ஆனால் அறிக்கையும் தீர்ப்பும் எங்கள் தெருவுக்கு வந்து சேரும்வரை எங்களுக்கு இருந்த துணை மேலே சொன்ன இவர்கள்தான்.

அத்தாவுக்கு ஒரே ஒரு குறை. கொரோனா வார்டில் இரவுப் பணியிலிருந்த செவிலியர் ஒருவர், வீட்டிலிருந்து அழைப்பு வரும்போதெல்லாம் கைபேசியைச் சார்ஜ் போட்டு எடுத்துவந்து தருவாராம். ஃபஜர் என்னும் அதிகாலைத் தொழுகை நேரத்தில் விளக்கைப் போட்டுவிட்டுப் போவாராம். பாதுகாப்பு உடைக்குள் இருந்ததால் முகம் தெரியாது, பெயரையும் கேட்டு வைக்கவில்லை. நாட்டறம்பள்ளிப் பக்கம் சொந்த ஊர் என்று மட்டும் சொன்னாராம். இந்த மடல் அவர் கண்ணில் பட்டால், எங்கள் தெருவுக்கு வந்து "ஜமாஅத் பாய் வீடு" என்று கேட்டால் போதும், யாரும் காட்டுவார்கள்.

நன்றியுடன்,
அத்தாவின் சார்பில் அவர் மகள்,
சைதாப்பேட்டை, வேலூர்.