பன்முன்ஜோம் வெளிச்சம்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். இங்கே சிங்கப்பூரில், ஈசூனில் எல்லாரும் சௌக்கியம். சின்னவன் என்.எஸ். என்ற கட்டாய ராணுவ சேவைக்குப் போய் நாலு மாதம் ஆகிறது.

போன மாதம் மகள் பிடிவாதம் பிடித்து எங்களைக் கொரியாவுக்குக் கூட்டிப் போனாள். அவளும் அம்மாவும் சியோலில் கடை கடையாக ஏறி இறங்க, நான் ஒருநாள் தனியாக வட கொரிய எல்லைப் பக்கம் போய் வந்தேன். இம்ஜின் ஆற்றங்கரையில் அந்த முள்கம்பி வேலியைப் பார்த்ததிலிருந்து மண்டைக்குள் அதுதான் ஓடுகிறது. ஊர் திரும்பியதும் நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் எடுத்துப் படித்தேன்.

வடக்கும் தெற்கும் மோதிய கொரியப் போரில், 1951 ஜூலையிலேயே பேச்சுவார்த்தை தொடங்கிவிட்டது. போர்நிறுத்தம் கையெழுத்தானது 1953 ஜூலை 27. நடுவில் இரண்டு வருஷம் போர்முனை பெரிதாக நகரவே இல்லை. ஊருக்குத் திரும்ப விரும்பாத கைதிகளைக் கட்டாயப்படுத்தி அனுப்புவதா என்ற கேள்வியில் பேச்சு சிக்கிக்கொண்டது. குன்றுகளின் மேல் இருந்த வீரர்களுக்கோ ரோந்து நிற்கவில்லை. பகலில் பதுங்குகுழியில் அரைத் தூக்கம், மண்மூட்டை அடுக்குவது. இருட்டியதும் முகத்தில் கரி பூசி, சத்தம் போடும் எதையும் கழற்றி வைத்துவிட்டு, கண்ணிவெடிகளுக்கு நடுவே விட்டிருந்த வழியில் ஒருவர் பின் ஒருவராக இறங்குவார்கள். வயல்வெளியில் மணிக்கணக்கில் படுத்தபடி காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள். பனிக்காலத்தில் துப்பாக்கி எண்ணெய்கூட உறைந்துவிடும். ஒருவன் இருமினால் போதும், அத்தனை பேருக்கும் ஆபத்து.

ராணுவப் பயிற்சியில் தெக்கோங் தீவுக் காட்டில் நாம் பதுங்கிக் கிடந்த ராத்திரி நினைவிருக்கிறதா? உன் கண்ணிமை மேல் கொசு உட்கார்ந்தபோது கையைத் தூக்காமல் ஊதி ஊதியே விரட்டினாய். நமக்கு விடிந்தால் லாரி வரும் என்று தெரியும். அவர்களுக்கு மறுநாள் இருட்டினால் மறுபடி அதே சரிவு.

படிக்கும்போது என்னை உலுக்கியது ஒரு விளக்கு. பன்முன்ஜோமில் பேச்சு நடக்கும் இடத்தில் தவறிக்கூடக் குண்டு விழக்கூடாது என்று ராத்திரியில் ஒரு தேடுவிளக்கை வானத்தைப் பார்த்து நிமிர்த்தி வைத்திருந்தார்கள். பக்கத்துக் குன்றுகளில் ரோந்து போனவர்களுக்கு அது தூண் மாதிரித் தெரிந்திருக்கிறது. சமாதானம் பேசும் இடம் கண்ணெதிரே, தாங்கள் படுத்திருப்பதோ வேலிக்கு வெளியே சேற்றில். அந்த நிலையில் ஒரு மனுஷன் எதை நினைத்துக்கொண்டு நடந்திருப்பான்?

குண்டு மட்டுமல்ல, எலியும் கொன்றது. எலி பரப்பிய ரத்தக்கசிவுக் காய்ச்சலில், தெற்குக்காகச் சண்டையிட்ட ஐ.நா. வீரர்கள் 3,000 பேருக்கு மேல் படுத்தார்கள். காரணமான கிருமியைக் கண்டுபிடித்ததே 1970களில்தான். அங்கே ஓடும் ஹன்டான் ஆற்றின் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

உனக்குப் பிடித்த சேதி ஒன்று. காயம்பட்டவர்களைக் கவனித்த இந்தியாவின் 60வது பாராசூட் மருத்துவப் பிரிவுக்குத் தலைவர் ரங்கராஜ் என்ற தமிழர். மகாவீர் சக்ரா என்ற வீர விருது வாங்கியவர். பள்ளியில் நமக்கு யாரும் சொல்லவில்லையே!

வெள்ளிக்கிழமை ராத்திரி சின்னவன் முகாமிலிருந்து வந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சோபாவிலேயே தூங்கிவிட்டான். எழுப்ப மனசு வரவில்லை, நானே கழற்றினேன். சாக்ஸ் முழுக்க ஈரம். வெகுநேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

சரி, தைப்பூசத்துக்கு வருவதாக எழுதியிருந்தாய். டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல், விமான நிலையத்துக்கு நான் வருகிறேன்.

உன் பழைய செக்‌ஷன் கூட்டாளி